சாம்பலில் பத்து நிறம்

ஜனவரி 9

குட்டிக்கு,

இல்லை, கெட்டுப்போகவில்லை. அது அப்படித்தான். கலர் எடுக்காத கேமரா.

போன மாதம் அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, கேமராவை ரிப்பேருக்குக் கொடு என்று எழுதியிருக்கிறாய். கொடுத்தால் ரிப்பேர்க்காரர் சிரிப்பார். டிஜிட்டல்தான். கார்டு போட்டு, பேட்டரி போட்டு எடுப்பதுதான். ஆனால் உள்ளே நிறம் பிரிக்கும் ஏற்பாடு எதுவும் வைக்கவில்லை. வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும் குறித்துக்கொள்ளும். என்ன நிறம் என்று கேட்காது.

முதலாளி ஸ்டூடியோவை என் கையில் விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார் என்று எழுதியிருந்தேனே. போகும்போது இதையும் கொடுத்துவிட்டுப் போனார். "கல்யாணத்துக்கு மட்டும் இதைத் தூக்கிட்டுப் போயிடாதே. பொண்ணு வீட்டுக்காரங்க துரத்துவாங்க" என்றார்.

இதில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. ஓரத்தில் ஒரு சின்ன ஜன்னல். அதில் ஓர் ஆள் இரண்டு பேராகத் தெரிவார். வளையத்தைத் திருப்பி இரண்டு பேரையும் ஒருவராக்க வேண்டும். ஒருவரானால் போகஸ். ரேஞ்ச்ஃபைண்டர் என்று பெயர். அந்த ஜன்னலில் எல்லாம் கலராகத்தான் தெரிகிறது. பட்டனை அழுத்திய பிறகுதான் போய்விடுகிறது.

இனிமேல் நிறம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு வேலை இருக்காது, சாயக்காரி.

நான் நலம். உன் நலமறிய ஆவல்.

அண்ணன்


ஜனவரி 21

அண்ணாவுக்கு,

நானும் நலம். உன் நலத்தைப் படித்தேன்.

போனில் பேசினால் பத்தாவது நிமிடம் அப்பாவிடம் போய் நிற்கிறோம். பதினோராவது நிமிடம் யாராவது ஒருவர் வைத்துவிடுகிறோம். போன் வேண்டாம், எழுதுவோம் என்று நான் விதி போட்டபோது நீ சிரித்தாய். ஆறு மாதமாகிறது. சண்டை இல்லை. செய்தியும் அதிகம் இல்லை. படம் மட்டும் வருகிறது.

என் வேலை போகாது. இன்று எங்கள் பெயிண்ட் லேபுக்கு ஓர் அம்மா சுவரிலிருந்து பெயர்த்த சில்லு ஒன்றை மாத்திரை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தார். அதே நிறத்தில் பெயிண்ட் வேண்டுமாம். லைட் பூத்தில் வைத்துப் பகல் விளக்கு, டியூப் லைட், குண்டு பல்பு என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். பகலில் ஒத்துப்போகிற இரண்டு நிறங்கள் பல்பு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். மூன்றிலும் பிரியாமல் இருக்க வேண்டும். மதியம் வரை ஆயிற்று.

எங்கள் மேலாளரை வெள்ளை சார் என்றுதான் லேபில் எல்லோரும் சொல்வோம். வெள்ளையில் மட்டும் முப்பத்தாறு இருக்கிறது என்பவர். போடுவதெல்லாம் கறுப்புச் சட்டை. சில்லைப் பார்த்துவிட்டு, "இது பச்சை இல்லம்மா, பச்சையா இருந்தது" என்றார். அந்த அம்மா அழுதுவிடுவார் போல இருந்தது.

நீ அனுப்பியதில் பத்து சுவர், நான்கு படிக்கட்டு, ஒரு நாய். உன் முகம் இல்லை.

நலம் பேணவும்.

குட்டி


பிப்ரவரி 17

குட்டிக்கு,

முகம் இதனுடன் இருக்கிறது.

தன்னைத்தானே எடுப்பது இதில் சிரமம். நாற்காலியின் முதுகில் போகஸ் வைத்து, டைமர் போட்டு, ஓடிப்போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் தலை நான்கு விரல் முன்னால் வந்துவிடுகிறது. ஆறு முறை மூக்கு மங்கல். ஏழாவது முறை ஒழுங்காக வந்தது.

பிரிண்ட்டைக் கீழ்வீட்டம்மாவிடம் காட்டினேன். அவரை உனக்குத் தெரியாது. வீட்டுச் சொந்தக்காரர். மாடியில் நான் செருப்போடு நடந்தால் விளக்குமாற்றால் கீழிருந்து கூரையைத் தட்டுவார். படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பேப்பர்ல 'வருந்துகிறோம்'னு போடுவாங்களே, அந்த மாதிரி இருக்கே" என்றார்.

"கலர் இல்லன்னா எல்லாரும் அப்படித்தாம்மா தெரிவாங்க."

"அப்ப என்னை எடுக்காதே."

சரி, உனக்கு ஒரு பரீட்சை. படத்தில் என் சட்டை என்ன நிறம்?

நான் நலம். உன் நலமறிய ஆவல். கொஞ்ச நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. வெயில் சீக்கிரம் வந்துவிட்டது.

அண்ணன்


மார்ச் 2

அண்ணாவுக்கு,

பச்சை. நான் எடுத்துக் கொடுத்த சட்டை. இதெல்லாம் ஒரு பரீட்சையா.

ஒழுங்காக வைப்போம். இத்துடன் பத்துப் பட்டைகள். எங்கள் ஷேட் கார்டிலிருந்து நறுக்கியவை. ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர் எழுதியிருக்கிறேன். பெயர்கள் வெள்ளை சார் வைத்தவை: ஈர மணல், பழைய தாள், சீருடை, நாலு மணி, இப்படி. சீருடை ஒரு நீலம். நாலு மணி ஒரு மஞ்சள். சிரிக்காதே, அந்த மஞ்சளுக்கு வேறு பெயர் பொருந்தாது.

உன் இஷ்டப்படி வரிசை மாற்றி, நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒட்டு. முன்னால் நீ உட்கார்ந்து எடு. சாம்பலைப் பார்த்து நான் பத்து நிறத்தையும் சொல்கிறேன்.

சாப்பாடு ஏன் இறங்கவில்லை. வெயில் என்று எழுதியிருக்கிறாய். உன் படத்தில் ஜன்னல் கண்ணாடி முழுக்க மழைத்துளி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

குட்டி


ஏப்ரல் 8

குட்டிக்கு,

தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடங்களில் சேர்க்கை நேரம். காலையிலிருந்து பாஸ்போர்ட் சைஸ்தான். ஒரு குழந்தை கேமராவைப் பார்க்க மறுத்து அம்மாவின் காதையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாவைக் கேமராவுக்குப் பின்னால் நிற்கவைத்து எடுத்தேன். இப்படியே போகிறது.

பட்டைகளை ஒட்டிவிட்டேன். படம் உள்ளே. நான் கொஞ்சம் இளைத்த மாதிரி தெரிவேன். நாற்காலி பெரியது.

சாயங்காலமானால் அசதி. கீழ்வீட்டம்மா இப்போதெல்லாம் கூரையைத் தட்டுவதில்லை. "நடக்கற சத்தமே கேக்கலையே தம்பி, ஊர்ல இல்லையோன்னு நெனச்சேன்" என்கிறார்.

பத்துக்குப் பத்து சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

உன் நலமறிய ஆவல்.

அண்ணன்


ஏப்ரல் 17

அண்ணாவுக்கு,

இங்கே எல்லாம் நலம்.

இடமிருந்து: செங்கல், ஈர மணல், கரி, பழைய தாள், இலை, சீருடை, மூடுபனி, தந்தம், நாலு மணி, காப்பி. படத்தை லேபில் வைத்து, சாம்பல் அட்டையோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறேன். எனக்குச் சந்தேகமில்லை.

இளைத்திருப்பது நாற்காலியால் அல்ல. ஆனால் கண் பளிச்சென்று இருக்கிறது. நன்றாகத் தூங்குகிறாய் போல. அலமாரி மேல் இருக்கும் அப்பா படத்தையும் உன் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவருடைய ஆபீஸ் அடையாள அட்டைக்காக நீ ஸ்டூடியோவில் எடுத்துப் பெரிதாக்கியது. அதுதான் அவருடைய கடைசிப் படம். உனக்கு அதே கண். அந்த வெள்ளை கூட அதே வெள்ளை.

இது அப்பா பேச்சு இல்லை. கண் பேச்சு. விதியை மீறவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

குட்டி


ஏப்ரல் 26

குட்டிக்கு,

பத்தில் நான்கு.

செங்கல் சரி. ஈர மணல் சரி. பழைய தாள் சரி. காப்பி சரி. மற்றதெல்லாம் போச்சு. நீ கரி என்றது சீருடை. சீருடை என்றது கரி. தந்தம் என்றது நாலு மணி. நாலு மணி என்றது இலை. இலை என்றது மூடுபனி. மூடுபனி என்றது தந்தம்.

ஊருக்கே சுவர் நிறம் சொல்கிறவள். வெள்ளை சாருக்குத் தெரிந்தால் முப்பத்தேழாவது வெள்ளையாக உன்னைச் சேர்த்துவிடுவார்.

கோபித்துக்கொள்ளாதே. நிறமில்லாத இடத்தில் நிறம் தேடினால் இப்படித்தான்.

உன் நலமறிய ஆவல்.

அண்ணன்


மே 14

அண்ணாவுக்கு,

நலம்.

பத்தில் ஆறு தப்பு. பதினோரு வருஷமாக இந்த வேலை செய்கிறேன். மூன்று நாள் யோசித்துவிட்டு வெள்ளை சாரிடம் படத்தைக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். "நீ தப்புப் பண்ணலம்மா. எடுத்தவர்தான் ஏதோ பண்ணியிருக்கார்" என்றார்.

சீருடையும் நாலு மணியும் நான் வேண்டுமென்றே சேர்த்தவை. ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். எங்கள் கருவியில் வைத்தால் இரண்டும் ஒரே அளவு வெளிச்சம். நிறத்தை எடுத்துவிட்டால் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாக வர வேண்டும். உன்னை ஏமாற்ற அல்ல, எனக்கே கஷ்டமாக இருக்கட்டும் என்று.

உன் படத்தில் மஞ்சள், தாளைவிட வெளுத்திருக்கிறது. நீலம் கரியாகிவிட்டது. லென்ஸுக்கு முன்னால் ஒரு மஞ்சள் கண்ணாடி இருந்தால் இப்படி வரும். மஞ்சளை அது வெள்ளையாக்கிவிடும். நீலத்தை விடாது. வானம் எடுக்கும்போது மேகம் எடுப்பாகத் தெரிய அதைத் திருகிக்கொள்வார்கள் என்று படித்தேன்.

நீ எடுத்தது அறைக்குள். அங்கே வானம் இல்லை.

பிப்ரவரி படத்தையும் பார்த்தேன். அதில் மஞ்சள் கண்ணாடி போட்ட அடையாளம் இல்லை.

இத்துடன் ஒரு நீலக் கண்ணாடி. லேபில் பழைய கருவி ஒன்றிலிருந்து கழற்றியது. மஞ்சளுக்கு நேர் எதிராக வேலை செய்யும்; மஞ்சளைக் கறுப்பாகக் காட்டும். மஞ்சளைக் கழற்றிவிட்டு இதை வைத்து எடு. அதே நாற்காலி. பட்டைகள் வேண்டாம். நீ போதும்.

குட்டி


ஜூன் 5

குட்டிக்கு,

அது ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் மேகம் எடுத்தேன். கழற்ற மறந்திருப்பேன். இவ்வளவு பெரிய விசாரணை தேவையில்லை.

உன் நீலக் கண்ணாடி வளையத்தில் ஏறவில்லை. டேப் போட்டு ஒட்டினேன். படம் உள்ளே. பத்து வினாடி டைமர். கண் மூடிவிட்டது. திரும்ப எடுக்க நேரமில்லை, வீட்டுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

நாய்க்கு இரண்டு குட்டி. அடுத்த கடிதத்தில் படம்.

உன் நலமறிய ஆவல்.

அண்ணன்


ஜூன் 11

அண்ணாவுக்கு,

"கண்ணைச் சிமிட்டாதீங்க, இங்க பாருங்க" என்று இருபத்தோரு வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நீ. கண் மூடினால் யாருக்கும் பிரிண்ட் கொடுத்ததில்லை. எனக்குக் கொடுத்திருக்கிறாய்.

உன் கடிதங்களை வரிசையாக வைத்தேன். ஜனவரி: நான் நலம், உன் நலமறிய ஆவல். பிப்ரவரி: நான் நலம், உன் நலமறிய ஆவல். ஏப்ரல் எட்டு: உன் நலமறிய ஆவல். ஏப்ரல் இருபத்தாறு: உன் நலமறிய ஆவல். ஜூன்: அதேதான். இரண்டு சொல் குறைகிறது. நீ பொய் எழுத மாட்டாய். விட்டுவிடுவாய்.

எனக்குப் பதினான்கு வயது. அம்மா போய் ஒரு வருஷம். மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "அப்பா, உங்க கண்ணு ஏன் இவ்ளோ மஞ்சளா இருக்கு?" என்றேன். அப்பாவைக் கேட்டதற்கு நீ சொன்னாய். "உனக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கவே தெரியாதா?" மூன்று மாதத்தில் அவர் போனார். அதற்குப் பிறகும் ஒருமுறை சொன்னாய். "நீ சொன்ன அன்னிக்குப் படுத்தவர்தான்."

அதிலிருந்து மனிதர்களின் நிறத்தைப் பற்றி நான் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. சுவர்களைப் பார்க்கிறேன். சுவர்கள் படுப்பதில்லை.

போன் செய்யலாம். இரண்டு முறை எண்களை அழுத்தினேன். நீ எடுக்க மாட்டாய். எடுத்தாலும் பதினோராவது நிமிடம் தெரிந்ததுதான்.

அதனால் எதுவும் கேட்கவில்லை. ஒரு படம் மட்டும். நீலக் கண்ணாடி. கண் திறந்து.

குட்டி


ஜூன் 25

குட்டிக்கு,

படம் உள்ளே. நீலக் கண்ணாடி. கண் திறந்திருக்கிறது.

மார்ச் கடைசியில் முகம் கழுவும்போது கண்ணைப் பார்த்தேன். நிறம் பார்க்கிறவளுக்கு நிறமில்லாத படம் அனுப்பினால் போதும் என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் வெள்ளை கொஞ்சம் சாம்பலாக இருந்தது. மற்றவர்களுக்குத் தெரியாது. நீ கண்டுபிடிப்பாய். மஞ்சள் கண்ணாடி போட்டேன். போய்விட்டது. சுவரில் உன் பட்டைகள் இருப்பது நினைவில்லை. நான் கண்ணை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் இன்னும் போகவில்லை. போனால் அவர் சொல்லிவிடுவார்.

இன்னொன்று. அப்பாவின் அட்டைப் படம். நீ அன்று கேட்பதற்குப் பத்து நாள் முன்னால் எடுத்தது. திரையில் பெரிதாக்கியபோது பார்த்தேன். விளக்குக் கோளாறு என்று நினைத்தேன். நினைக்கவில்லை. அப்படி வைத்துக்கொண்டேன். இரண்டு கண்ணிலும் மஞ்சளை எடுத்து வெள்ளையாக்கி பிரிண்ட் போட்டேன். உன் அலமாரி மேல் இருப்பது அதுதான். எனக்கும் அவருக்கும் ஒரே வெள்ளை என்று எழுதியிருந்தாய். இரண்டும் நான் போட்ட வெள்ளை.

நீ கேட்டபோது எனக்கு ஏற்கனவே தெரியும். கோபம் அதனால் வந்தது. எப்போதிலிருந்து மஞ்சள் என்று அப்பாவின் டாக்டர் கேட்டார். "நேத்துதான் சார் பார்த்தோம்" என்றேன். நீ பக்கத்தில் நின்றாய்.

பத்தொன்பது வருஷம் அந்தப் பழி உன் தலையில் இருந்தது. என்னுடையது.

திங்கள்கிழமை போகிறேன்.

உன் நலமறிய ஆவல். என்னுடையது திங்கள்கிழமைக்குப் பிறகு தெரியும்.

அண்ணன்


ஜூலை 1

அண்ணாவுக்கு,

இது தபாலில் வரவில்லை. உன் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சனிக்கிழமை படம் வந்தது. லேபுக்கு எடுத்துப் போனேன். லைட் பூத்தில் வைத்தேன். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு லைட் பூத் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளை சார் வந்து நின்றார். "இந்த வெள்ளை நம்ம முப்பத்தாறுல இல்ல" என்றார். பிறகு, "யாரு?" என்றார்.

"எங்க அண்ணன் சார்."

"எத்தனை நாள் லீவு?"

"தெரியல சார்."

"எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பு. தேதியை நான் போட்டுக்கறேன்."

வீட்டுக்குப் போய் அப்பா படத்தை எடுத்துப் பார்த்தேன். வெறும் கண்ணாலும் பார்த்தேன், லென்ஸ் வைத்தும் பார்த்தேன். கை வைத்த இடம் தெரியவில்லை. நல்ல வேலை.

நீ மறைத்த அந்தப் பத்து நாளைப் பற்றி எனக்கு என்ன தோன்றுகிறது என்று இன்னும் தெரியவில்லை. சண்டை வரலாம். வந்தால் நேரில் வரட்டும். வைத்துவிட்டுப் போக இங்கே போன் இல்லை.

கீழ்வீட்டம்மா கதவைத் திறந்ததும், "தங்கச்சியா? மூக்கே சொல்லுதே" என்றார். "தம்பி ஏழு மணிக்கே ரத்த டெஸ்டுக்குப் போயிடுச்சு. வெறும் வயித்தோட வரச் சொன்னாங்களாம். கண்ணு மஞ்சளா இருக்குன்னு நான் ரெண்டு மாசமா சொல்றேன், 'எனக்குக் கலரெல்லாம் தெரியாதும்மா'ன்னு கேலி பண்ணும். நீயாவது அதட்டு." சாவியைக் கொடுத்தார். மாடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கச் சொன்னார்.

பட்டைகள் இன்னும் சுவரில்தான் இருக்கின்றன. உன் வரிசைப்படியே. இடமிருந்து எட்டாவது, நாலு மணி. நேரில் பார்த்தால் யாரும் தந்தம் என்று சொல்ல மாட்டார்கள்.

நான் நலம். உன் நலமறிய வந்திருக்கிறேன்.

குட்டி

பி.கு: கேமராவை அலமாரிக்குள் வைத்தேன். ஜன்னலைத் திறந்தேன். நாற்காலியை வெளிச்சத்தைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.